மூன்றாவது காபி

"முதல் காபியில் கதை சொல். இரண்டாவது காபியில் உறவை வளர். மூன்றாவது காபியில்தான் உதவி கேள்."

எங்கள் வட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டின் நான்காம் பக்கத்தில் இது கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுதிய மகானுபாவன் நான்தான். எழுதி ஆறு வருடம் ஆகிறது. எத்தனையோ பேர் என் கையைக் குலுக்கி, "சார், அந்த ஒரு வரி என் வாழ்க்கையையே மாத்திடுச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். பதினொரு பெண்களின் வாழ்க்கையையும் அது மாற்றியது. அவர்கள் யாரும் என் கையைக் குலுக்கவில்லை.

வட்டம் என்றால், ஏழைகளுக்கு வேலை கொடுக்கிற, அல்லது ஏழைகளுக்கு வேண்டியதை மலிவாகச் செய்து விற்கிற சின்னத் தொழில்களை நடத்துபவர்களின் கூட்டம். லாபமும் வேண்டும், புண்ணியமும் வேண்டும் என்று இரண்டு படகில் கால் வைத்தவர்கள். மாதம் ஒருமுறை, இரண்டாவது சனிக்கிழமை காலையில், நூலகத்தின் மாடி மண்டபத்தில் கூடுவோம். ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வோம். அதில் "நான் தேடுவது" என்று ஒரு கோடு, "நான் தருவது" என்று ஒரு கோடு. மூன்று மணி நேரம் ஒருவர் கழுத்தை ஒருவர் படித்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

என் தொழில் சலவை. கிளினிக்குகளிலும் லாட்ஜுகளிலும் இருந்து படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து, துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுக்கும் கூடம். மூன்று பெரிய மெஷின், ஓர் உலர்த்தி, பதினொரு பெண்கள். எல்லோரும் அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் குனிந்து துவைத்தவர்கள். இங்கே நின்றுகொண்டு துவைத்தார்கள். நான் செய்த புரட்சி அவ்வளவுதான். கையேட்டில் அதற்கு "கண்ணியத்தை மீட்டெடுத்தல்" என்று பெயர் வைத்திருக்கிறேன். வட்டத்தில் எனக்கு "சோப்பு சார்" என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழிலை வைத்து வந்த பெயர் என்பது என் எண்ணம். என் மனைவிக்கு வேறு எண்ணம்.

"நுரை ஜாஸ்தி, அழுக்கு போகாது. பார்த்துத்தான் வச்சிருக்காங்க."

கூடத்தை உண்மையில் நடத்தியது மெஷின் அக்கா. என்னைவிட நான்கு வயது சின்னவர்தான். எல்லோரும் அக்கா என்றதால் எனக்கும் அக்கா. மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பெல்ட் தேய்ந்திருக்கிறது, எந்த விரிப்புக்குள் யாரோ மறந்துபோன சீப்பு சுற்றுகிறது என்று சொல்லிவிடுவார். என் பேச்சையும் அதே மாதிரிதான் கேட்பார். உள்ளே என்ன சுற்றுகிறது என்று.

கூடம் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர், மாத முதல் தேதியன்று வந்து, தன் மாப்பிள்ளை அங்கே உடற்பயிற்சிக் கூடம் வைக்கப் போவதாகச் சொன்னார். முப்பதாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா மாப்பிள்ளை சும்மா வீட்ல உக்காந்திருந்தா என் பொண்ணு என் மேலதானே வருத்தப்படுவா?" என்றார். நியாயம்தான். நானும் வருத்தப்படாத முகத்தோடு தலையாட்டினேன்.

சலவைக்கு அறை கிடைப்பது லேசில்லை. தண்ணீர்க் குழாய் வேண்டும், அதைவிடத் தரையில் வடிகால் வேண்டும். ஒரு நாளைக்கு நாங்கள் வெளியேற்றும் சோப்புத் தண்ணீரைக் கேட்டதும் வீட்டுக்காரர்களின் முகத்தில் சிரிப்பு வடிந்துவிடும். முதல் வாரத்தில் நானும் அக்காவும் பதினாலு இடம் பார்த்தோம். ஓரிடத்தில் வடிகால் இருந்தது, தண்ணீர் இல்லை. இன்னோரிடத்தில் தண்ணீர் இருந்தது, கூரை வழியாக. கிளினிக்குகள் ஒரு நாள் விரிப்பு வரவில்லையென்றால் மறுநாளே வேறு ஆளைப் பிடித்துவிடும். முப்பதாம் தேதிக்குள் இடம் கிடைக்காவிட்டால் கூடம் இல்லை. கூடம் இல்லையென்றால் பதினொரு பேரும் மறுபடி குனிய வேண்டும். நிலைமை இதுதான்.

"உங்க வட்டத்துல கேளுங்களேன் சார்," என்றார் அக்கா. "அத்தனை பெரிய மனுஷங்க வராங்களே. ஒருத்தர்கிட்டகூடவா ஒரு ரூம் இருக்காது?"

"கேக்கணும்தான். ஆனா அதுக்குன்னு ஒரு முறை இருக்கு அக்கா."

"கேக்கறதுக்கு என்ன சார் முறை? வாயைத் தொறக்கணும். அவ்வளவுதானே?"

அந்த மாதக் கூட்டத்தில் ஆளுக்கொரு தொழிலாளியை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் அக்காவை அழைத்துப் போனேன். பேருந்தில் நின்றபடியே அவருக்கு நான்காம் பக்கத்தை விளக்கினேன். முதல் சந்திப்பிலேயே கேட்டால் நம்மைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுவார்கள். கை நீட்டுகிறவனுக்குக் காசு கிடைக்கும், நாற்காலி கிடைக்காது. நாம் கேட்கவே கூடாது, அவர்களாகவே கொடுக்கத் தவிக்கும்படி செய்ய வேண்டும். பேசப் பேச எனக்கே புல்லரித்தது.

"அதாவது, பசிக்குதுன்னு சொல்லக் கூடாது. ஆனா மூஞ்சில தெரியணும்," என்றார் அக்கா.

"மூஞ்சிலயும் தெரியக் கூடாது."

"அப்ப எதுல சார் தெரியணும்?"

"மூணாவது காபியில."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அழுத பிள்ளைக்குத்தான் பாலுன்னு சொல்லுவாங்க. உங்க ஊர்ல பிள்ளை மூணு தடவை சிரிச்சுட்டு அப்புறம் அழணும் போல."

ஆனாலும் வாக்குக் கொடுத்தார். நான் கேட்டால் ஒழிய அவர் அறையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

மண்டபத்தில் வழக்கமான முகங்கள். சூரிய விளக்கு விற்பவர், தண்ணீர் வடிகட்டி செய்யும் அம்மாள், பழைய பேருந்தைப் பள்ளிக்கூடமாக்கிய தம்பதி. தம்பதிக்குள் பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் மற்றவர்களோடு அபாரமாக உறவாடுவார்கள். வெள்ளை உறை மாட்டிய நூற்றிருபது மடக்கு நாற்காலிகள். நாற்காலிகள் வட்டத்தின் சொத்து. உறைகளை மாதா மாதம் இலவசமாகத் துவைத்துக் கொடுப்பது எங்கள் கூடம். அதனால் என் அட்டையில் "நான் தருவது: தூய்மை" என்று எழுதியிருந்தேன். "நான் தேடுவது" என்ற கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வடிகாலுள்ள ஓர் அறை என்று எழுத எவ்வளவு நேரமாகும்? கையேட்டை எழுதியவன் அப்படி எழுதினால் புதிதாக வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? "நீண்டகால உறவுகள்" என்று எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு சார்."

ஒருங்கிணைப்பாளர் மேடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புகளைப் படித்தார். வட்டத்தைத் தோளில் சுமக்கிறவர் அவர்தான். கெட்டிக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. வருகிற மாதத்திலிருந்து மாடிப்படிக்குக் கீழே நாற்காலிகளை வைக்கக் கூடாது என்று நூலகத்தில் சொல்லிவிட்டார்களாம். அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டுமாம். யாருக்கோ எதற்கோ இடம் இல்லை என்பது அன்று எல்லோர் காதிலும் விழுந்தது, என் விஷயம் தவிர.

பிறகு மேஜை மேஜையாக உட்கார்ந்து பேசும் நேரம். எங்கள் மேஜைக்கு எதிரே ஓர் அமைதியான மனிதர் வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். வலது காலை மடக்காமல் நீட்டியே வைத்திருந்தார். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்குக் கார் கழுவும் வேலை கற்றுக்கொடுத்து, கார் கழுவும் நிலையம் ஒன்றைப் பன்னிரண்டு வருடம் நடத்தியவர். கூட்டத்துக்கு அதுதான் முதல் தடவையாம்.

நான் முதல் காபியை ஆரம்பித்தேன். கதை. குனிந்த பெண்கள், நிமிர்ந்த பெண்கள். "நாங்க துணியைத் துவைக்கறதில்ல சார், கண்ணியத்தைத் துவைக்கறோம்" என்ற என் பிரசித்தி பெற்ற வரியைச் சொல்லிவிட்டு ஒரு இடைவெளி விட்டேன். அந்த இடைவெளியும் பழக்கம்தான்.

"கறை போகுதா?" என்று கேட்டார் அவர்.

அக்கா சிரித்துவிட்டார். எனக்கும் அந்த மனிதரைப் பிடித்துப்போனது. அக்காவிடம் அவர் மெஷின்களைப் பற்றிக் கேட்டார். எத்தனை கிலோ போடுவீங்க, உப்புத் தண்ணிக்கு என்ன பண்றீங்க என்று. இரண்டு பேரும் உப்புப் படிவதைப் பற்றிக் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைப் பேசுவதுபோல் சுவாரசியமாகப் பேசினார்கள்.

"உங்க கார்வாஷ் எப்படிப் போகுது?" என்று நான் கேட்டேன்.

"மூடியாச்சு. முழங்கால் ஒத்துழைக்கல. பசங்க எல்லாருக்கும் வேற இடத்துல வேலை வாங்கிக் குடுத்துட்டேன்." காபியை ஊதிக்கொண்டார். "ஷெட்டு மட்டும் அப்படியே கிடக்கு. தண்ணி லைன் இருக்கு, கரண்ட் இருக்கு, தரை பூரா வடிகால். ரெண்டு மாசமா பூட்டித்தான் வச்சிருக்கேன். பல்லிதான் குடியிருக்கு."

அக்காவின் கையில் இருந்த கரண்டி கோப்பைக்குள் அப்படியே நின்றது. மேஜைக்கு எதிரே பல்லி குடியிருக்கும் எங்கள் கூடம் உட்கார்ந்திருந்தது. அக்கா வாயைத் திறந்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

என் காலில் ஷூ. அவர் காலில் வெறும் செருப்பு.

அப்போது மேடம் எங்கள் மேஜை ஓரத்துக்கு வந்து, மூவரும் சிரிக்கும்படி ஒரு படம் எடுத்தார். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நானும் கார்வாஷ்காரரும் சிரிக்கிறோம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தெரியாதவர்களுக்கு அதுவும் சிரிப்பு மாதிரிதான் இருக்கும்.

"ஷெட்டை என்ன பண்ணப் போறீங்க?" என்று என்னை மீறி ஒரு கேள்வி வந்துவிட்டது.

"யாருக்காவது உபயோகமா இருந்தா குடுக்கலாம். வாடகை பெருசா வேண்டாம், பூட்டி வச்சா கெட்டுப் போயிடும்." பிறகு அவர் நேராக என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது ஆக வேண்டியது இருக்கா? சொல்லுங்க. எனக்கு இந்த மாதிரிக் கூட்டமெல்லாம் பழக்கமில்ல. யாருக்கு என்ன வேணும்னு கேட்டுட்டா பண்ணிடலாம்னுதான் வந்தேன்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதை கேட்டிருப்பீர்கள். வெண்ணெயே வந்து "என்னை உருக்கிக்கோயேன்" என்று சொன்ன கதை கேட்டிருக்க மாட்டீர்கள். நான் நெஞ்சில் கை வைத்து, முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு சொன்னேன்:

"உங்களைத் தெரிஞ்சுக்கிட்டதே போதும் சார் இன்னைக்கு. அடுத்த வாரம் ஒரு காபி குடிப்போமா?"

திரும்பும் பேருந்தில் அக்கா என்னிடமிருந்து மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை காலியானதும் நான் போய் உட்கார்ந்தேன்.

"அவரே கேட்டார் சார்."

"அது மரியாதைக்குக் கேக்கறது அக்கா. இப்ப டக்குனு கேட்டிருந்தா, இவன் ரூமுக்காகத்தான் இவ்வளவு நேரம் சிரிச்சான்னு நினைச்சிருப்பார்."

"ரூமுக்காகத்தானே சிரிச்சீங்க?"

"அடுத்த வாரம் ரெண்டாவது காபி. உடனே மூணாவது. இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள சாவி நம்ம கைல. என்னை நம்புங்க."

அவர் குனிந்து கால் விரலைத் தடவிக்கொண்டார். சுண்டுவிரல் வீங்கியிருந்தது. "நம்பித்தானே சார் வாயை மூடிக்கிட்டு வந்தேன்," என்றார்.

கார்வாஷ்காரருக்குப் பதினெட்டாம் தேதி சொல்லியிருந்தேன். முழங்காலுக்கு ஊசி போட வேண்டியிருந்ததால் அவர் இருபத்திமூன்றுக்கு மாற்றினார். நடுவில் போன் செய்து கேட்டிருக்கலாம். போனில் கேட்பது காபிக் கணக்கில் வராது என்பதால் கேட்கவில்லை. அந்த நாட்களில் அக்கா தினமும் வாசலிலேயே "என்ன சார்?" என்பார். நான், "கனிஞ்சுக்கிட்டிருக்கு" என்பேன். மாமரத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவன் மாதிரி. மற்ற இடங்கள் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தேன்.

இருபத்திமூன்றாம் தேதி, மருத்துவமனைக்கு எதிரே இருந்த சின்னக் கடையில் அவர் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார். இந்த முறை சுற்றி வளைப்பதில்லை, இரண்டாவது காபியிலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என் விதியை நானே மீறும் துணிச்சலை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"உங்க வட்டத்துக்குத்தான் நான் நன்றி சொல்லணும். அந்த ஷெட்டுக்கு ஒரு வழி பொறந்துடுச்சு."

"என்ன வழி?"

"உங்க மேடம் அன்னைக்கு சாயங்காலமே போன் பண்ணாங்க. படம் எடுக்க வந்தப்ப ஷெட்டைப் பத்தி நான் சொன்னது காதுல விழுந்துச்சாம். நாற்காலி, பேனரெல்லாம் வைக்க இடம் இல்லையாமே. குடுத்துட்டேன். ஒரு வருஷத்துக்குக் கையெழுத்தும் போட்டாச்சு."

காபி வந்தது. எனக்கு எதைக் கேட்பதென்று தெரியாமல் அந்த நேரத்தில் தோன்றிய முட்டாள்தனமான கேள்வியைக் கேட்டேன். "நடுவுல எங்கயாவது அவங்களோட காபி குடிச்சீங்களா?"

"காபியா? போன்லயே கேட்டாங்க. 'சார், எங்களுக்கு இடம் வேணும், தருவீங்களா'ன்னாங்க. எடுத்துக்கோங்கன்னேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏன், என்ன ஆச்சு?"

சொன்னேன். முப்பதாம் தேதி, பதினொரு பேர், வடிகால். முதல் காபியில் சொல்லியிருந்தால் அரை நிமிடம் பிடித்திருக்கும். இப்போதும் அரை நிமிடம்தான் பிடித்தது.

அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு இப்போதும் ஆறுதலாக இருப்பது அந்தக் கோபம்தான். "யோவ், நான் வாயை விட்டுக் கேட்டேனேய்யா! உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேனா இல்லையா? அந்தம்மா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களே, அவங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான்தான் கால்ல மிதிச்சேன்," என்றேன்.

இரண்டு காபிக்கும் அவரே காசு கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போனார்.

அங்கிருந்து நேராக மேடத்திடம் போனேன். நின்றுகொண்டே கேட்டேன். அவர் உண்மையிலேயே பதறினார். "ஐயோ சோப்பு சார், எனக்குத் தெரியவே தெரியாதே! உங்க அட்டையில நீண்டகால உறவுகள்னுதானே போட்டிருந்தீங்க? நான்கூட, இவருக்கு எல்லாம் செட்டில் ஆயிடுச்சு போலன்னு நினைச்சேன்."

"நாற்காலிகளை வேற எங்கயாவது வைக்க முடியாதா மேடம்?"

"எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தா இப்பவே சாவியக் குடுத்துடுவேன். செயற்குழு கூடணும். அது அடுத்த மாசம் பத்தாம் தேதி. பாதி ஷெட்டுன்னாலும், நீங்க துவைக்கற ஈரத்துல நாற்காலி துருப்பிடிச்சிடும்னு சொல்லுவாங்க." என் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீங்க. நாலு பேருக்கு அறிமுகக் கடிதம் போடறேன். நம்ம பலமே அதுதானே?"

போட்டார். விளக்குக்காரர் என்னை வடிகட்டி அம்மாளிடம் அனுப்பினார். வடிகட்டி அம்மாள் பேருந்துத் தம்பதியில் மனைவியிடம் அனுப்பினார். மனைவி கணவரைக் கேட்கச் சொல்லி எனக்கே எழுதினார். கணவர் இருபத்தொன்பதாம் தேதி அன்பொழுகப் பதில் போட்டார்: சலவைத் தொழிலில் நீண்ட அனுபவமுள்ள ஒருவர் நம் வட்டத்திலேயே இருக்கிறார், அவரைப் பிடித்தால் காரியம் ஆகும், விலாசம் கீழே. கீழே என் விலாசம் இருந்தது.

முப்பதாம் தேதி காலை கடைசி நடை விரிப்புகளைத் துவைத்தோம். பெண்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்கு எனக்கு யோகம் இல்லை. உலர்த்தியிலிருந்து சூடாக வந்த விரிப்புகளை ஓரம் பிசகாமல் மடித்தார்கள், அடுத்த நாளும் வரப்போகிறவர்கள் மாதிரி. எல்லோரிலும் உயரமான பெண் மட்டும், "மறுபடியும் குனியறதுக்கு இடுப்பைத் தேத்தணும்" என்று சிரித்தபடி சொன்னாள். இன்னொருத்தி, "உனக்குத்தான் தூரம் அதிகம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

மாப்பிள்ளை வந்து சுவரை அளந்துகொண்டிருந்தார். அக்கா ஒவ்வொரு மெஷினாகப் போய் மூடியைத் துடைத்தார். இரண்டாவது மெஷினிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"இதோட பேரிங் மாத்தணும் சார். அடுத்து எங்க போட்டாலும் முதல்ல அத மாத்திடுங்க."

"அக்கா, எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லிட்டீங்களா, என்ன நடந்ததுன்னு?"

"கார்வாஷ்காரர் இடம் அமையலன்னு சொல்லியிருக்கேன். அவ்வளவுதான்."

"நான் காலை மிதிச்சதை?"

"அதைச் சொன்னா உங்களை மட்டுமா திட்டுவாங்க? நீ ஏன்டி வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு என்னையும் கேப்பாங்க. அதுக்கு எங்கிட்ட என்ன சார் பதில் இருக்கு?"

மெஷின்கள் என் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. சோபாவை வெளியே போட்டுவிட்டு மூன்றையும் வரிசையாக நிறுத்தினேன். மனைவி இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நடு மெஷின்மீது பூச்சாடி ஒன்றை வைத்துவிட்டு, "ஏங்க, இதுங்களுக்கு நீண்டகால உறவு கிடைச்சிடுச்சு" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். அக்காவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி செயற்குழு கூடியது. என் விஷயத்தைப் பரிவோடு விவாதித்து, என் கூடம் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டதால் அவசரம் நீங்கிவிட்டது என்று தீர்மானித்தது. அதோடு மேடம் போன் செய்தார். இந்த மாதக் கூட்டத்தில் "தோல்வி மேடை" என்று ஒரு புதிய அங்கமாம். தோற்றவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். என்னைவிடப் பொருத்தமானவர் இல்லையாம். "நீங்க பேசினா அழவே வச்சிடுவீங்க சார்," என்றார். கூடவே, வட்டத்தின் மாத இதழையும் அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் நாங்கள் மூவரும் சிரிக்கிற படம். கீழே: "ஓர் அறிமுகம், ஒரு ஷெட், ஒரு பெண்ணுக்கு வேலை. இணைப்பின் வெற்றிக் கதை."

எந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை கார்வாஷ் ஷெட்டுக்குப் போனேன்.

அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. அகலமான கதவு. நல்ல வெளிச்சம். மூன்று குழாய்கள், மூன்றும் சரியான உயரத்தில். தரை நடுவை நோக்கிச் சரிந்து, இரும்புச் சட்டம் போட்ட நீள வடிகாலில் முடிந்தது. எங்கள் மெஷின்கள் நிற்க வேண்டிய இடத்தில் நூற்றிருபது நாற்காலிகள் மடித்து அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் "கைகள் இணைந்தால்" என்ற பேனர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

குழாயடியில் மெஷின் அக்கா குந்தியிருந்தார். எதிரே இரண்டு பெரிய தொட்டி. நாற்காலி உறைகளைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்," என்றார், கூடத்துக்கு வந்தவனைக் கூப்பிடுவது போலவே.

"நீங்க எப்படி இங்க?"

"கூடம் மூடிட்டா இந்த உறையெல்லாம் யாரு துவைப்பாங்கன்னு தோணிச்சு. மேடம் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டி, வேலை வேணும்மான்னேன். சரின்னுட்டாங்க. மாசத்துல ஒரு நாள்." உறையை உதறினார். "ஒரு டம்ளர் தண்ணிகூட குடிக்கல சார். காபிக்கு எங்க போறது?"

நான் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுக்கப் போனேன். பிறகு வேண்டாமென்று தரையிலேயே உட்கார்ந்தேன்.

"மிச்ச நாள்?"

"பழைய வீடுங்கதான். ரெண்டு வீட்ல சேத்துக்கிட்டாங்க. ஒரு வீட்ல மெஷின் வாங்கிட்டாங்களாம். அதை ஓட்டத் தெரியாம என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்." அவருக்கே சிரிப்பு வந்தது. "மத்தவங்கள்ல நாலு பேர் போனே எடுக்கல. உயரமானவ இடுப்பு வலின்னு படுத்திருக்கா."

நாளைக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். தோல்வியைப் பற்றி.

"கை தட்டுவாங்களா?"

"எழுந்து நின்னு தட்டுவாங்கன்னு நினைக்கிறேன்."

"அப்ப உறை எல்லாம் சீக்கிரம் காயணும்," என்றார்.

நான் வடிகாலைப் பார்த்தேன். சோப்புத் தண்ணீர் தேங்காமல், ஒரு முனகல்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எத்தனை விரிப்புத் தண்ணீரை வேண்டுமானாலும் குடித்திருக்கும்.

"அக்கா, நாளைக்கு மேடையில இந்த ஷெட்டைக் கேக்கப் போறேன். எல்லார் முன்னாலயும். கிடைச்சா, நீங்க வருவீங்களா?"

அவர் கை நிற்கவில்லை. "முதல்ல கேளுங்க சார். கேட்டுட்டு வந்து என்னைக் கேளுங்க. எனக்கு இப்பல்லாம் முன்கூட்டியே சந்தோஷப்பட முடியல."

"கோபமா இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் அக்கா. சாதாரணமாக, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "நேராக் கேட்டீங்க, நேராச் சொல்லிட்டேன்."

பிறகு தொட்டியிலிருந்து கனத்த உறை ஒன்றைத் தூக்கி, ஒரு முனையை என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். முறுக்கினேன். அவரும் முறுக்கினார். உறை எங்கள் இருவர் கைக்கும் நடுவில் சும்மா சுழன்றதே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"நான் சுத்தற பக்கமே நீங்களும் சுத்தறீங்க சார். அந்தப் பக்கம் சுத்துங்க," என்றார் அக்கா. "ஆறு வருஷம் சலவைக்கூடம் நடத்தியிருக்கீங்க."